ஸேஃப் என்ற சொல்லுக்கு ஒரு ஜோடி

ஆகஸ்ட் மாதம் இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை. ஆண்டு, அறுபதுகளின் பின்பாதியில் ஏதோ ஒன்று. டைரியில் ஆண்டும் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறார்கள் என்று கேள்வி.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தம்பி சவரி அதற்கு முன்பே முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். ஜன்னல் திட்டில் அவன் வைத்துவிட்டுப் போன டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அவன் மனைவி ஸ்டெல்லா குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞானஸ்நானம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. தெருவுக்கே கேட்கிற தொண்டை.

கல்மண்டபத்தில் பஸ் ஏறினேன். கடல் இல்லாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன். கடல் பக்கம் உட்கார்ந்தால் திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் புடவையில் உப்பும் கருவாட்டு வாடையும் ஏறிவிடும். எட்டரை மணி சங்கு ஊதும்போது நாற்காலியில் இருந்தேன். டைப்ரைட்டரின் உறையை மடித்து வைத்து, எழுத்துகளைப் பழைய பல் பிரஷ்ஷால் துடைத்தேன். வயிறு உள்ள எழுத்துகளில்தான் மை அடைக்கும். அவற்றைக் குண்டூசியால் குத்தி எடுத்தேன். இது தினமும் செய்வது.

கடைசி எழுத்தைக் குத்திக்கொண்டிருக்கும்போது பர்சனல் ஆபீசர் வரதன் வந்து என் மேஜை முன்னால் நின்றார். அவர் கீழே வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் நான்.

“மிஸ் மேரி, எல்லா வேலையையும் ஒதுக்கி வையுங்கள். ஸேஃப் என்ற வார்த்தைக்கு ஒரு ரைம் வேண்டும். மத்தியானத்துக்குள்.”

கோப்பை வேண்டும்

எங்கள் தொழிற்சாலையில் இரும்புக் குழாய் செய்தார்கள். பம்பாயில் தலைமை அலுவலகம். அதற்கு வேறு ஊர்களிலும் தொழிற்சாலைகள் உண்டு. அந்த வருஷம் தலைமை அலுவலகத்துக்குத் தொழிலாளர்களின் பாதுகாப்பில் திடீரென்று அக்கறை பிறந்தது. அக்கறை பிறந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், போட்டி வைத்தது. எந்தத் தொழிற்சாலை சிறந்த பாதுகாப்பு வாசகம் எழுதுகிறதோ அதற்கு வெள்ளிக் கோப்பை.

வாசகம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். இரண்டு வரி. இரண்டும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். பெரிய பலகையில் எழுதி நிறுத்த வேண்டும். பம்பாயிலிருந்து டைரக்டர் ஒருவர் ஊர் ஊராக வந்து பார்வையிடுவார். எங்களுக்கு அவர் வரும் நாள், மறுநாள் வெள்ளிக்கிழமை.

தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வரதன் இங்கிலீஷ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர். லீவு கேட்டு வருகிறவனிடம்கூடக் கவிதையிலிருந்து ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் லீவு இல்லை என்பார்.

பலகை தயாராக இருந்தது. தேக்குச் சட்டம் அடித்து, பச்சை எனாமல் பூசி, எங்கள் தொழிற்சாலையின் முதல் தரக் குழாயிலேயே இரண்டு கால் வைத்து, பெயிண்டர் ஷெட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே, பூச்செடிகளுக்கு நடுவில் அதை நிறுத்துவதாக ஏற்பாடு. முதல் வரியை எழுதியும் ஆகிவிட்டது. ‘பீ கேர்ஃபுல் அண்ட் பீ ஸேஃப்.’ கவனமாக இரு, பத்திரமாக இரு. இரண்டாவது வரிக்கு வரதனிடம் சரக்கு தீர்ந்துபோனது. ஜோடி கிடைக்குமா என்று பார்க்காமல் முதல் வரியைப் பலகையில் ஏற்றியவர் அவர்தான். அழித்து எழுதலாமே என்றால், பெயிண்ட் காய்ந்துவிட்டதாம்.

லைஃப், ஸ்ட்ரைஃப், நைஃப்

என்னிடம் ஏன் வந்தார் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

எங்கள் ராயபுரத்துக் கத்தோலிக்கக் கல்யாணங்களில் அப்போது வாழ்த்து மடல் படிப்பார்கள். ரோஸ் நிறக் காகிதம், தங்க ஓரம், மேலே இரண்டு புறா. ஒரு பக்கம் தமிழ்க் கவிதை, மறுபக்கம் இங்கிலீஷ். மாப்பிள்ளை ஹார்பரில் வின்ச் ஓட்டுகிறவராக இருப்பார். பெண் ஐந்தாவதோடு நின்றிருப்பாள். ஆனாலும் இங்கிலீஷ் பக்கம் இல்லாவிட்டால் பெண் வீட்டார் முகம் சுருங்கும். யாரும் படிப்பதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இங்கிலீஷ் பக்கத்தை எழுதுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை: ஓசையின் வாலைப் பிடித்துக்கொள், அதன் தலையில் அகரவரிசையில் ஒவ்வொரு எழுத்தாக மாட்டிப் பார். எது சொல்லாகிறதோ அதை எடுத்துக்கொள். அதற்குக் கவிதை உள்ளம் தேவையில்லை. பொறுமை போதும்.

ஒய்ஃப் என்ற சொல்லுக்கு மூன்று ஜோடி உண்டு. லைஃப், ஸ்ட்ரைஃப், நைஃப். வாழ்க்கை, சச்சரவு, கத்தி. மடலில் முதலாவதை மட்டும் போடுவேன். மூன்றையும் வரிசையாகப் போட்டிருந்தால் எங்கள் தெருவில் பல வீடுகளின் வரலாறு அதிலேயே அடங்கியிருக்கும்.

எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனின் கல்யாணத்துக்கு வந்த வரதன் அப்படி ஒரு மடலைப் பார்த்துவிட்டார். சந்தத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், “மீட்டர் கொஞ்சம் நொண்டுகிறது, மிஸ் மேரி” என்றார். இப்போது அதே ஆள் மேஜை முன்னால் நிற்கிறார், நொண்டினாலும் பரவாயில்லை என்று.

அண்ணாச்சியின் எதுகை

வரதன் அறைக்குள் போனதும் ஸ்டோர் கீப்பர் தங்கையா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் மொத்த மளிகை வியாபாரம். இவர் மட்டும் தமிழ் யாப்பு படித்துவிட்டு இரும்புச் சாமான் எண்ண வந்தவர். புதுமனை புகுவிழாவா, காதுகுத்தா, வெண்பா தயாராக இருக்கும்.

“ஏம்மா, ரெண்டு வரிக்கா இவ்வளவு பாடு? நான் கட்டிட்டேன், கேளுங்க” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“ஸேஃப்டி ஃபர்ஸ்ட் இன் எவ்ரி ஷாப். காஃபி நெக்ஸ்ட் இன் கேண்டீன்.”

“அண்ணாச்சி, இதில் ரைம் எங்கே?”

“என்னம்மா இப்படிக் கேக்கீய? ஸேஃப்டி, காஃபி. ரெண்டாம் எழுத்து ரெண்டு வரியிலும் ஒண்ணா நிக்கே. கண் தெரியலையா?”

“அது எதுகை. இங்கிலீஷில் வரியின் கடைசியில் ஒத்து வரவேண்டும்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தலையை விட்டுப்போட்டு வாலைப் பிடிக்கதுக்குப் பேரு கவிதையா? வெள்ளைக்காரன் போனது நல்லதாப் போச்சு” என்றார்.

இத்தனை பேர் முயன்றதில் காலத்துக்கும் நிற்கக்கூடிய வாசகம் அது ஒன்றுதான் என்பது என் கருத்து. கேண்டீனில் நிச்சயம் பிடித்திருக்கும்.

அவர் திரும்பும்போது கேட்டேன். “அண்ணாச்சி, ஆசிட் ஷாப் கைப்பிடி என்ன ஆயிற்று?”

இதை நான் சொல்லியாக வேண்டும். குழாய்க்கு முலாம் பூசுவதற்கு முன்னால் துருவை எடுக்க வேண்டும். அதற்காக அமிலம் நிரப்பிய நீளமான தொட்டி ஒன்று. தொட்டியின் ஓரமாக ஆள் நடக்க ஒரு மரப்பலகை. மேலேயிருந்து சங்கிலியில் குழாய்க் கட்டு இறங்கும்போது, பலகையில் நிற்கிற ஆள் கொக்கித் தடியால் அதை நேராக்கி உள்ளே விட வேண்டும். பலகை எப்போதும் ஈரமாக இருக்கும். ஆவி கண்ணை மறைக்கும். முன்பு பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. அமில ஆவி அதை அரித்துத் தின்றுவிட்டது. அது நின்ற குழிகள் மட்டும் சிமெண்டுத் தரையில் மிச்சம். புதுக் கைப்பிடி கேட்டு ஆசிட் ஷாப்பிலிருந்து வந்த விண்ணப்பத்தைப் பொங்கலிலிருந்து நானே மூன்று தடவை டைப் அடித்திருந்தேன்.

அந்தப் பலகையில் நிற்கிற ஆள் சவரி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் நானே.

“குழாயாம்மா?” என்றார் தங்கையா. “இங்க இருக்கது பூரா விக்கதுக்கு. எடுக்க முடியாது. மரம்னா சாங்ஷன் வேணும். சாங்ஷன் இல்லை.”

“போர்டுக்குத் தேக்கும் குழாயும் கொடுத்தீர்களே?”

“அது ஹெட் ஆபீஸ் கணக்குல்லா? வரதன் சார் கேட்டாவ, அன்னைக்கே தூக்கிக் குடுத்துட்டேன்.”

அவர் மோசமான மனிதர் அல்ல. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிந்தால் தன் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார். தெரியாவிட்டால் அமிலத் தொட்டியில் விழுந்தவனுக்குக் கயிறு போடுவதற்குக்கூட ஒப்புதல் கேட்பார். குழாய் செய்யும் தொழிற்சாலையில் கைப்பிடிக்குக் குழாய் இல்லாமல் போவது இப்படித்தான்.

மூன்று சொற்கள்

சிஸ்டர் சொன்ன முறையில் ஆரம்பித்தேன். பேஃப், டேஃப், கேஃப், ஹேஃப். எதுவும் சொல் இல்லை. அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “கஃபே?” என்றார். எழுத்தில் ஒத்தாலும் ஓசையில் ஒவ்வாது என்றேன். “சும்மா அழுத்திப் படித்தால் ஒத்துப்போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கணக்குகளும் அப்படியே.

மத்தியானத்துக்கு முன் அகரவரிசை முடிந்தது. ஆபீசில் இருந்த தடித்த அகராதியில் ஸேஃப் என்ற சொல்லுக்கு உருப்படியாகக் கிடைத்த ஜோடிகள் மூன்று. வரதன் அறையில் போய்ப் படித்தேன்.

முதலாவது, ச்சேஃப். தோல் உராய்ந்து புண்ணாவது. அளவு தவறிய பூட்ஸ் போட்ட ஆசிட் ஷாப் ஆட்கள் எல்லோருக்கும் குதிகாலில் இருந்தது அது. வரதன் முகம் சுளித்தார். “சரும வியாதி விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.”

இரண்டாவது, ஸ்ட்ரேஃப். விமானத்திலிருந்து சுடுவது. “தொழிற்சாலைக்குப் பொருந்தாது” என்றார். அதற்கு முன் பொருத்தம் பார்த்தவர் போல.

மூன்றாவது, வேஃப்.

வரதன் கண்ணை மூடிக்கொண்டார். விரல்களால் மேஜையில் தாளம் தட்டினார். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஆஹா. இதில் உருக்கம் இருக்கிறது, மிஸ் மேரி.”

“அனாதைக் குழந்தை என்று அர்த்தம், சார்.”

“தெரியும். அதுதான் உருக்கம்.”

இரண்டாவது வரி அந்த நிமிஷமே பிறந்தது. ‘ஆர் யுவர் சைல்ட் வில் பீ எ வேஃப்.’ இல்லாவிட்டால் உன் குழந்தை அனாதையாகும். பாதுகாப்பாக இரு என்று சொல்லத் தொடங்கி அனாதையில் போய் முடித்தார். இங்கிலீஷில் ஸேஃப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரவில்லை என்பது ஒரு சமாதானம் என்றால், அந்தச் சொல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அதை நான் கேட்டிருக்கலாம். பெயிண்ட் காய்ந்துவிட்டது என்றிருப்பார்.

ஒற்றை பூட்ஸ்

வரதன் இரண்டு வரியையும் சத்தமாகப் படித்து ரசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சவரி வந்து நின்றான். வலது காலில் ரப்பர் பூட்ஸ். இடது கால் வெறுங்கால். பேண்டின் இடது கால் முழங்காலுக்குக் கீழே ஓட்டை ஓட்டையாக இருந்தது. காலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். சொட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தான். சிரித்தான்.

“இன்னாடா ஆச்சு?” என்றேன். ஆபீசில் நான் அப்படிப் பேசுவது கிடையாது.

“ஒண்ணியும் ஆவலக்கா. பலக வழுக்கிச்சி. சங்கிலியப் புடிச்சிக்கினேன். பூட்ஸு மட்டும் உள்ள போய்ச்சி. பெர்சாத்தானே குட்துகீறாங்க, கயண்டுகிச்சி.” வரதன் பக்கம் திரும்பினான். “சார், பூட்ஸு வேணும் சார். ஸ்டோருல ஒத்தையா தர மாட்டேன்றாரு. ஜோடியாத்தான் தருவாராம். ஜோடி தர்றதுக்கு வருசம் முடியலயாம்.”

வரதன் அந்தக் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டது இது.

“உனக்குக் குழந்தை இருக்கிறதா?”

“கீது சார். பொண்ணு.”

“நல்லது. மிஸ் மேரி, இது நமக்கு ஒரு சோதனை. சாதாரணத் தொழிலாளி மனதை இது தொடுகிறதா, பார்ப்போம்.” எழுந்து நின்று இரண்டு வரியையும் ஏற்ற இறக்கத்தோடு இங்கிலீஷில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். “அதாவது, நீ கவனமாக இல்லாவிட்டால் உன் குழந்தை அனாதை ஆகிவிடும். புரிகிறதா? எப்படி இருக்கிறது?”

சவரியின் சிரிப்பு போயிற்று. வீட்டில் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே அபூர்வம். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

“எங்கொயந்தய இன்னாத்துக்கு சார் போர்டுல ஏத்துறீங்க?” என்றான். “நான் கவனமாத்தான் சார் கீறேன். பலகதான் வய்க்குது. ஒரு கம்பி வெச்சிக் குட்தீங்கன்னா கொயந்தைக்கு அப்பன் இருப்பான். பாட்டுல்லாம் வாணாம் சார்.”

“கைப்பிடி இந்த வருஷ பட்ஜெட்டில் இல்லை. உங்களுக்கெல்லாம் விழிப்புணர்வுதான் முதலில் வேண்டும்.”

“சரி சார். பூட்ஸு?”

“எழுதிக் கொடு. பார்ப்போம்.”

சவரி போனான். ஈரமான ஒற்றைக் கால் அடையாளம் வாசலிலிருந்து வராந்தா வரைக்கும் தரையில் கிடந்தது. வரதன் அதைத் தாண்டிப் பெயிண்டர் ஷெட்டுக்கு நடந்தார், இரண்டாவது வரியைக் கையில் பிடித்துக்கொண்டு. பூச்செடிப் பக்கம் போகும்போது சீட்டியடித்துக்கொண்டே போனார்.

இஞ்ச் டேப்

என் கைப்பையில் எப்போதும் ஒரு தையல் இஞ்ச் டேப் இருக்கும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அந்த மாதத்தில் பை, பாவாடை, ஜாக்கெட் என்று தைக்கக் கொடுப்பார்கள். பஸ்ஸிலேயே அளவு கொடுப்பவர்களும் உண்டு.

சாப்பாட்டு மணி அடித்ததும் பெயிண்டர் ஷெட்டுக்குப் போனேன். பெயிண்டர் இரண்டாவது வரியைப் பாதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். பலகையின் நீளத்தை அளந்தேன். உயரத்தை அளந்தேன். ஒரு காலிலிருந்து இன்னொரு கால் எவ்வளவு தூரம் என்று அளந்தேன். பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தேன். இழைப்புளி போட்டு வழவழவென்று இழைத்து, அங்கேயும் எனாமல் பூசியிருந்தார்கள். சிராய் ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்துக்கே இவ்வளவு அக்கறை.

ஆசிட் ஷாப் வாசலில் உள்ள குழாயடியில் சவரி கை கழுவிக்கொண்டிருந்தான். யாருடைய செருப்பையோ இடது காலில் மாட்டியிருந்தான்.

“இன்னாக்கா, காத்தாலேருந்து ஆபீசே ஒரு வார்த்தையத் தேடிக்கினு இருந்திச்சாமே? தொலஞ்சி போச்சா?”

“கிடைத்துவிட்டது. அதை விடு. பழைய கம்பி நின்ற குழி இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?”

சொன்னான். இரண்டு கையையும் விரித்து, பிறகு முழம் போட்டு, பிறகு நிதானமாக அடிக்கணக்கில் சொன்னான்.

நான் என் அளவுகளைச் சொன்னேன். போர்டின் நீளம் தொட்டியோரத்தை மூடி ஒரு சாண் மிஞ்சும். உயரம், காலைக் குட்டையாக அறுத்தால் அவன் இடுப்புக்கு வரும். கால்களின் இடைவெளி குழிகளை விட ஒரு விரற்கடைதான் அதிகம்.

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். என்னையே பார்த்தான்.

“நாளைக்கி அந்த டைரக்டரு எப்பிடி வர்றாரு?”

“கேட், ஆபீஸ், குழாய் உருட்டும் ஷாப், அதற்கப்புறம் ஆசிட் ஷாப். தொட்டிக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வருவார். ப்ரோகிராம் நான்தான் டைப் அடித்தேன்.”

“அவரு வர்ற நேரத்துல போர்ட யாராச்சும் புடுங்குவாங்கோ?”

“பாதுகாப்புப் பலகையை, பார்வையிட வந்தவர் கண் முன்னால்? வரதனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.”

சவரி வாய்விட்டுச் சிரித்தான். “படிச்சவங்க படிச்சவங்கதாம்பா” என்றான். ஷிப்ட் மாறும் நேரத்தில் அவன் ஃபிட்டர் மேஸ்திரி குப்புசாமியின் தோளில் கை போட்டு, “மாமு, ஒரு வேல கீது, வா” என்று அழைத்துக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாயங்காலம் பலகையை நட வேண்டியவர்கள் குப்புசாமியின் ஆட்கள். வரதன் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார், மறுநாளுக்காக முடி வெட்டிக்கொள்ள.

கோப்பை போன இடம்

வாசகர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வரதன் வந்து பூச்செடி நடுவே பலகையைத் தேடினார். டைரக்டரின் கார் கேட்டுக்குள் நுழையும்போது பலகை ஆசிட் ஷாப்பில் நிற்பது அவருக்குத் தெரியவந்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிறத்தை எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் நான் பார்த்ததில்லை. டைரக்டர் தொட்டிக்கு எதிரே வந்து நின்றார். ஆவிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு வரியையும் படித்தார். ஆபத்து உள்ள இடத்திலேயே பலகையை வைத்தது யாருடைய யோசனை என்று கேட்டார்.

“என்னுடையது, சார்” என்றார் வரதன். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெயர் அவருக்கு, பலகை எங்களுக்கு. தன்னுடைய யோசனை என்று ஒருமுறை சொல்லிவிட்டதால் அதற்குப் பிறகு அவரால் அதை அங்கேயிருந்து எடுக்கவும் முடியவில்லை. தங்கையா நிம்மதியாக ஹெட் ஆபீஸ் கணக்கில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஒரு ஜோடி பூட்ஸ்கூட வந்தது. அதுவும் பெரிசு.

கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று. அங்கே டே, அதாவது நாள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்களாம். அதற்கு அகராதி முழுக்க ஜோடி. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்கிறவர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள்.

பலகை பல வருஷம் நின்றது. அமில ஆவி முதலில் கீழ்வரியைத்தான் தின்றது. வேஃப் போய், அதற்கு முன்னிருந்த சொற்களும் ஒவ்வொன்றாகப் போய், மேல்வரி மட்டும் மங்கலாக மிஞ்சியது. அப்போதுதான் அந்த வாசகம் முதல் தடவையாக அர்த்தத்தோடு இருந்தது. சவரியின் மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். அப்பாவோடு தினமும் சண்டை. தொண்டை அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை

வியாழக்கிழமை இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை நாலரைக்கே எழுந்தேன். சவரியோடு முதல் பஸ்ஸில் போனேன். எட்டரைக்கு வர வேண்டிய டைப்பிஸ்ட் ஏன் விடியற்காலையில் வருகிறாள் என்று வாட்ச்மேன் கேட்டார். ரிப்பன் மாற்ற வேண்டும் என்றேன்.

ஆசிட் ஷாப்பில் ஆவி இன்னும் எழும்பவில்லை. பச்சைப் பலகை தொட்டியோரம் நெடுக நின்றது. காலை அறுத்து, தார் பூசி, பழைய குழிகளிலேயே இறக்கி, ஆப்பு அடித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தார் குப்புசாமி. எழுத்து தொட்டியின் பக்கம், பார்க்க வருகிறவர்களுக்கு. இழைத்த வெறும் பின்பக்கம் எங்கள் ஆட்களுக்கு.

சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. சவரி வலது காலில் பூட்ஸும் இடது காலில் இரவல் செருப்புமாக நடைப்பலகையில் ஏறினான். கையை அந்தப் பச்சைப் பலகையின் மேல்விளிம்பில் வைத்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கீழே பார்க்காமல் நடந்தான். அங்கே போய் நின்று, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன் மேல் சாய்த்து இரண்டு தடவை உலுக்கினான். அது அசையவில்லை.

“அக்கா,” என்று அங்கிருந்தே கத்தினான். “இங்கிலீசு கெட்டியாத்தான் கீது.”